ஒலியின் திரிபும் ஒலிப்பதிவின் செம்மையும்
(பழைய மாணவர் ஒருவர்)

பிறந்த ஊரை நினைக்கும்போது ஒவ்வொருவர் செவியிலும் ஓர் ஒலி எழும். பண்டத்தரிப்பிலும் அதன் அயலிலும் வளர்ந்த எமக்கு, திருவிழாக் காலத்து மாலையில் பனங்கூடலைக் கடந்து வரும் நாதசுர தவிலோசையே அவ்வொலியாகும். அளவெட்டியும் இணுவிலும் மாவிட்டபுரமும் இவ்விசைக்குப் பேர்பெற்ற ஊர்கள். 1933ஆம் ஆண்டு தோன்றி 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் புகழ் கடல் கடந்து தமிழகத்திலும் பரவியதை நம்மவர் அனைவரும் அறிவர். இத்தகைய மண்ணிற் பிறந்த ஒருவன் ஒலியை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்டதில் வியப்பில்லை.

எனினும் என் செவியில் முதன்முதல் ஐயத்தை எழுப்பியது நாதசுரமன்று. கோயில் வீதியிற் கட்டப்பட்டிருந்த குழல்வடிவ ஒலிபெருக்கியே. மண்டபத்தில் நேரிற் கேட்டபோது தேனாயிருந்த அதே வாசிப்பு, ஒலிபெருக்கியின் வாயிலாகத் தெருமுனையிற் கேட்டபோது கரகரத்துக் காதைக் குடைந்தது. காரணம் யாதென மறுநாள் விஞ்ஞான ஆசிரியரை வினாவினேன். அவர் கரும்பலகையில் ஓர் அழகிய அலையை வரைந்து, பின் அதன் மேடுகளையும் பள்ளங்களையும் துடைப்பத்தால் மட்டமாக அழித்துவிட்டு, "இதுதான் திரிபு, கருவி தன் அளவுக்கு மேல் உழைக்கும்போது உண்டாகும் குற்றம்" என்றார். திரிபு என்பது குற்றம். அதனை நீக்குவதே ஒலிப்பொறியியலாளன் கடமை. இவ்விரண்டு வசனங்களையும் வேதவாக்காகக் கொண்டே நான் கல்லூரிப் படியிறங்கினேன்.

ஆண்டுகள் பல கழிந்தபின், ஒலிப்பதிவுக் கூடங்களிற் பணிபுரியத் தொடங்கியபோது, இதற்கு முற்றிலும் மாறான ஒரு காட்சியைக் கண்டேன். திரிபேயில்லாத கணினிக் கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றின் வழியே வந்த தூய ஒலியிற் சிறிதளவு திரிபைச் சேர்ப்பதற்கென்றே வேறொரு கருவியைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர்! குற்றம் எனப் படித்தது குணமாவது எங்ஙனம்? எவ்வளவு வரை அது குணம்? எவ்விடத்தில் மீண்டும் குற்றமாகிறது? இவ்வினாக்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறுதிச் செம்மையாக்கம் என்பது யாது?

பாடகர், பக்கவாத்தியக்காரர் ஆகியோரின் ஒலிகளைத் தனித்தனியே பதிந்து, அளவறிந்து கலந்து, ஒன்றாக்கியபின் எஞ்சும் கடைசி வேலையைத் தொழிற்றுறையினர் 'மாஸ்டரிங்' என்பர். இறுதிச் செம்மையாக்கம் என அதனைத் தமிழிற் கூறலாம். இசைத்தட்டுக் காலத்தில், மூலத்தட்டில் ஊசிகொண்டு பள்ளம் வெட்டும் வேலையோடு இணைந்து வளர்ந்தமையால் அப்பெயர் வந்தது. ஒலியின் பொதுவான உரப்பைத் தீர்மானித்தல், தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் இடையே சமநிலை காணல், வீட்டு வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் பெருமண்டபத்திலும் ஒருங்கே கேட்கத்தக்கதாக அதனை ஆக்குதல் ஆகியன இதன்பாற்படும். இங்கு நினைவிற் கொள்ளவேண்டுவது ஒன்றுண்டு. இந்நிலையில் வேலை செய்பவர் கையில் தனித்தனிக் கருவிகள் இல்லை. கலந்த கலவை முழுவதுமே உள்ளது. சமைத்து முடிந்த குழம்பில் உப்பிடுவது போன்றது இவ்வேலை. காய்க்கு மட்டும் உப்பிட அப்போது இயலாது. இவ்வுண்மையின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

நிரம்பலும் இசையங்களும்

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்தில் நீர் பாய்ச்சியோர் நிரம்பல் என்பதை எளிதில் உணர்வர். காய்ந்த பாத்தியில் முதலில் விடும் நீர் முழுவதையும் மண் உறிஞ்சும். மேலும் விட விட உறிஞ்சும் அளவு படிப்படியாகக் குறையும். இறுதியில் எவ்வளவு விட்டாலும் மண் ஏலாது. ஒலிநாடாவின் இயல்பும் இதுவே. அதன்மேற் பூசப்பட்டிருப்பது பெரும்பாலும் இரும்பின் ஒட்சைட்டாகும். நம் மண்ணுக்குச் செந்நிறம் தருவதும் அவ்விரும்பின் ஒட்சைட்டே என்பது கருதற்குரியது. சிறிய மின்குறிக்கு நாடா விகித சமமாகக் காந்தமாகும். குறி வளர வளரக் காந்தமாகும் வேகம் தளரும். பின்னர் மேலும் காந்தமாக இடமின்றி நின்றுவிடும். இதனையே காந்த நிரம்பல் என்கிறோம். வால்வுகளும், இரும்பு அகணியுள்ள நிலைமாற்றிகளும் தத்தமக்குரிய காரணங்களால் இவ்வாறே நடந்துகொள்கின்றன.

இதனால் அலைக்கு நேர்வது யாது? மேடுகள் மெல்ல உருண்டு மழுங்குகின்றன. உருவம் மாறிய அலை, கணித நோக்கில், பழைய அலையோடு வேறு சில அலைகளைக் கூட்டியதற்குச் சமமாகும். அவ்வேறு அலைகளின் மீடிறன்கள், அதாவது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கைகள், மூல மீடிறனின் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என அமையும். இவற்றையே இசையங்கள் என்பர்.

கணிதம் பயிலும் மாணவர் ஓர் எளிய உதாரணத்தாற் சரிபார்க்கலாம். கருவியொன்றின் வெளியீடு, உள்ளீட்டிலிருந்து அதன் கனத்தின் பத்திலொரு பங்கைக் கழித்ததென்க. உள்ளீடு வீச்சம் 1 உடைய சைன் அலையாயின், அதன் கனமானது அதே அலையின் முக்காற் பங்கிலிருந்து மும்மடங்கு மீடிறனுடைய அலையின் காற்பங்கைக் கழித்ததற்குச் சமம் என்பது திரிகோண கணிதம் தரும் உண்மை. ஆகவே வெளியீட்டில் அடிப்படை அலை 0.925 ஆகக் குறைகிறது. மூன்றாம் இசையம் 0.025 அளவில் புதிதாகப் பிறக்கிறது. அடிப்படையோடு ஒப்பிட இது 2.7 சதவீதம். இனி உள்ளீட்டைப் பாதியாக்கின், மூன்றாம் இசையம் எட்டிலொன்றாகிவிடும். அதன் விகிதம் 0.64 சதவீதமே. மெல்ல வாசிக்கும்போது தூய்மையாகவும், உரத்து வாசிக்கும்போது செறிவாகவும் ஒலிக்கும் தன்மை இவ்வாறு உண்டாகிறது. நல்ல கருவிகளில் மனிதச் செவி விரும்பும் இயல்பும் இஃதன்றோ?

மேட்டையும் பள்ளத்தையும் ஒரே விதமாக மழுங்கச் செய்யும் கருவி, மூன்று, ஐந்து, ஏழு என்னும் ஒற்றை இசையங்களையே பிறப்பிக்கும். ஒலிநாடா இவ்வகையினது. ஒரு பக்கத்தை மட்டும் கூடுதலாக மழுக்கும் கருவி, இரண்டு, நான்கு என்னும் இரட்டை இசையங்களையும் பிறப்பிக்கும். தனி மும்முனை வால்வு இவ்வகையினது. இரு வால்வுகளை எதிரெதிராக இணைத்தால் இரட்டை இசையங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இவ்விசையங்களைச் சுரங்களாகக் கேட்டால் அவற்றின் குணம் விளங்கும். சட்சம் 200 மீடிறனில் உள்ளதாகக் கொள்வோம். இரண்டாம் இசையம் 400, அது மேற்சட்சம். மூன்றாவது 600, மேற்பஞ்சமம். நான்காவது 800; மீண்டும் சட்சம். ஐந்தாவது 1,000, அந்தர காந்தாரம். ஆறாவது 1,200, பஞ்சமம். இவை யாவும் சட்சத்தோடு உறவுடையன. ஏழாவதாகிய 1,400 கைசிகி நிஷாதத்தை நெருங்கிநின்றும் அதனிற் சிறிது தாழ்ந்தது. நம் சுரத்தானங்களுள் அது அமையாது. மேலே செல்லச் செல்ல உறவற்றவை பெருகும். மெல்ல மழுங்கும் கருவி கீழுள்ள நல்லுறவினரையே பெரிதும் அழைத்து வருகிறது. ஆசிரியர் துடைப்பத்தால் அழித்தது போல் அலையைத் திடீரென வெட்டும் கருவியோ மேலுள்ள உறவற்றோரையும் கூட்டமாக அழைத்து வருகிறது. கோயில் ஒலிபெருக்கி கரகரத்ததும், ஒலிநாடா இனித்ததும் இவ்வேறுபாட்டாலேயே ஆகும்.

நம் தம்புரா உணர்த்தும் பாடம்

மேனாட்டார் அண்மையிற் கண்டுபிடித்த கலை இதுவென எண்ணுதல் தவறாகும். தம்புராவின் மேட்டில் தந்திக்குக் கீழே ஜீவாளி நூலை நகர்த்தி நாதத்தை 'எழுப்பும்' வித்தையை நம் முன்னோர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். நூல் சரியான இடத்திற் சேர்ந்ததும், அதுவரை மந்தமாயிருந்த தந்தி வண்டினம்போல் முரலத் தொடங்கும். ஒரே தந்தியினுள் பஞ்சமமும் காந்தாரமும் தெளிவாகக் கேட்கும்.

சர் சி. வி. இராமன் அவர்கள் 1921ஆம் ஆண்டளவில் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார். ஒரு தந்தியை எவ்விடத்தில் மீட்டுகிறோமோ, அவ்விடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்றொனிகள் எழமாட்டா என்பது தோமஸ் யங் கூறிய விதி. சுரமானியில் மாணவர் அதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஆயின் வளைந்த மேடுடைய நம் கருவிகளில் அவ்விதி பொய்த்து, வரக்கூடாத மேற்றொனிகளும் வலிமையாக வருவதை இராமன் கண்டார். அதிரும் தந்தி வளைந்த மேட்டைத் தொட்டுத் தொட்டு விலகுவதே அதற்குக் காரணம். அத்தொடுகை நேர்விகிதத்துக்கு உட்படாத ஒரு செயல். தந்தியின் அதிர்வைக் கணந்தோறும் சற்றே 'திரித்து', மேல் இசையங்களுக்கு ஆற்றலை அது வழங்குகிறது. வால்வும் நாடாவும் மின்குறிக்குச் செய்வதும், ஜீவாளி நூல் தந்திக்குச் செய்வதும் கருத்தளவில் ஓரினத்தனவே. இதனை ஜீவன் என்ற சொல்லால் வழங்கிய நம்மவர் செவிநுட்பம் போற்றத்தக்கது.

ஒலிநாடா வந்த வரலாறு

ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி., பி.ஏ.எஸ்.எஃப். ஆகிய நிறுவனங்கள் உருவாக்கிய மக்னற்றோபோன் என்னும் நாடாக் கருவி 1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1940இல், செவிக்கெட்டாத உயர் மீடிறன் மின்னோட்டமொன்றைக் குறியோடு கலந்து பதியும் முறை அங்கு கண்டறியப்பட்டது. சிறிய ஒலிகளும் அதனால் நேர்மையாகப் பதிந்தன. இரண்டாம் உலகப் போரின்பின் இக்கருவி உலகெங்கும் பரந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் கசெற்றை வெளியிட்டனர். பெரிய நாடாக் கருவிகளில் நாடா செக்கனுக்கு 19 அல்லது 38 சதமமீற்றர் ஓடும்; கசெற்றிலோ 4.76 சதமமீற்றரே. நாடாவும் ஒடுங்கியது, வேகமும் குறைந்தது. ஆதலால் கசெற் மிக விரைவில் நிரம்பிவிடும்.

நாடாத் துறையினர் மூன்றாம் இசையம் 3 சதவீதத்தை எட்டும் அளவையே நாடாவின் உச்ச அளவாக நெடுங்காலம் கொண்டிருந்தனர். தெசிபெல் கணக்கில் 1 சதவீதம் என்பது அடிப்படைக்கு 40 கீழ், 0.1 சதவீதம் 60 கீழ். 3 சதவீதம் ஏறத்தாழ 30 கீழ். மேலும், நாடாவில் உயர்ந்த மீடிறன்கள் தாழ்ந்தவற்றினும் முன்னதாக நிரம்பும். நாதசுரத்தின் கூர்மையும் தாளத்தின் கணீரென்ற ஓசையும் நாடாவிற் சற்றே மென்மையுற்றுக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செம்மையாக்கத்தில் இதன் பயன்கள்

முதலாவது பயன், மேடுகளை அடக்குதல். தவிலின் வலந்தலையில் விரற்கூடுகள் மோதும் கணத்தில் அலை நெட்டுக்குத்தாக எழுந்து, ஒரு செக்கனின் மிகச் சிறிய பின்னத்தில் அடங்கிவிடும். அம்மேடு ஒன்றுக்காக முழுப் பதிவையும் தாழ்த்தி வைக்க நேரும். மென்மையான நிரம்பல் அம்மேட்டை ஓரிரு தெசிபெல் உருட்டிவிடின், செவி அதனை உணராது. எஞ்சிய இசையை அவ்வளவு உயர்த்தலாம்.

இரண்டாவது, தாழ்ந்த ஒலியைச் சிறிய கருவியிலும் கேட்கச் செய்தல். தவிலின் தொப்பி 80 மீடிறனில் ஒலிப்பதாக வைத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கித் தகட்டினின்று அதனை எழுப்ப இயலாது. ஆயின் அதன் இசையங்களாகிய 240, 320, 400 ஆகியவை கேட்குமாயின், மூளை அவற்றின் ஒழுங்கைக் கண்டு, இல்லாத 80ஐ இருப்பதாக உணர்ந்துகொள்ளும். அடிச்சுவட்டைக் கண்டு யானையை அறிவது போன்றது இது. வெறுமனே தாழ்ந்த ஒலியைக் கூட்டுவதால் இப்பயன் கிடையாது. இசையங்களைப் பிறப்பித்தால் மட்டுமே கிடைக்கும்.

மூன்றாவது, தனித்தனியே பதியப்பட்டு ஒட்டாமல் நிற்கும் கருவிகளுக்கு ஒரு பொதுச் சாயலைத் தந்து இணைத்தல். எல்லாம் ஒரே கருவியினூடாகச் சென்று ஒன்றையொன்று சிறிதே பாதிக்கும்போது, ஒரே கூடத்தில் இருந்து வாசித்த உணர்வு எழும்.

பாதகம் எங்கே மறைந்துள்ளது?

இப்போது உப்பிட்ட குழம்பின் உவமைக்கு மீள்வோம். ஒரு தனிச்சுரத்தை நிரம்பச் செய்தால் அதன் இசையங்களே பிறக்கும். இரு சுரங்களை ஒருங்கே செலுத்தினாலோ, அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய மீடிறன்களும் பிறக்கின்றன. 200இல் சட்சமும் 300இல் பஞ்சமமும் ஒலித்தால் 100, 400, 500 ஆகியன தோன்றும். இவை யாவும் உறவினரே, தீங்கில்லை. ஆயின் ஒத்தின் சட்சம் 200இல் நிற்க, நாதசுரம் 225இல் சதுசுருதி ரிஷபத்தைத் தொட்டால், சட்சத்தின் இருமடங்கிலிருந்து ரிஷபம் கழிந்து 175 என ஒன்று தோன்றும். அது எந்த இராகத்துக்கும் உரிய சுரமன்று.

இன்னும் கேளுங்கள். கமகமாக அந்நாதசுரம் 225இலிருந்து 240 வரை ஏறினால், அப்பொய்ச்சுரம் 175இலிருந்து 160க்கு இறங்கும்! வாசிப்பவர் ஏற, நிழல் இறங்குகிறது. மேனாட்டு இசையில் சுரங்கள் பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றன. நம் இசையோ, அசையாத சுருதியின்மேல் அசைந்துகொண்டேயிருக்கும் கமகங்களால் ஆயது. ஆதலின் மேனாட்டுப் பாட்டுக்குப் பொருந்தும் அளவு நிரம்பலை அப்படியே நாதசுரத்துக்கு இட்டால் இசை கலங்கும். கருவியோடு வரும் ஆயத்த அமைப்புகளை நம் மாணவர் அப்படியே கையாளக் கூடாமைக்கு இதுவே தலையாய காரணமாகும்.

கணினியில் வேறொரு பாதகமும் உண்டு. குறுந்தட்டின் முறையில் செக்கனுக்கு 44,100 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன; 22,050 மீடிறனுக்கு மேற்பட்டதை அதனால் ஏற்க இயலாது. 14,000 மீடிறனுடைய ஒலியொன்றின் மூன்றாம் இசையம் 42,000. அது தங்க இடமின்றி மடங்கி, 44,100க்கும் 42,000க்கும் உள்ள வித்தியாசமாகிய 2,100இல் வந்து விழும். 14,000க்கும் 2,100க்கும் யாதோர் உறவுமில்லை. எனவே நல்ல கருவிகள் முதலில் மாதிரிகளை நான்கு மடங்காகவோ எட்டு மடங்காகவோ பெருக்கி, நிரம்பலைச் செய்து, எல்லை கடந்தவற்றை வடித்துவிட்டு, பின்னரே பழைய அளவுக்கு மீள்கின்றன. இவ்வசதியை நிறுத்திவிட்டு வேலை செய்தல் ஆகாது.

நான் செய்த பிழை

இனி நான் கூறப்போவது என் சொந்தப் பிழை. பிறர்க்குப் பயன்படுமாதலின் மறையாது எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரி நண்பர் ஒருவர் பழைய கசெற்றொன்றை என்னிடம் கொணர்ந்தார். எழுபதுகளில் ஒரு கோயில் வீதியில் நிகழ்ந்த மேளக் கச்சேரி அதிற் பதியப்பட்டிருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஒரே இரவில் வீடுவாசல்களை விட்டகன்றபோது, அவர் தாயார் துணிகளுக்கிடையே வைத்துக் காத்த பொருள்களுள் அதுவும் ஒன்று. அதில் வாசித்தோருள் இருவர் காலமாகிவிட்டனர். தவில் வாசித்த பெரியவர் ஒருவர் மட்டும் வயோதிபராய் வாழ்ந்திருந்தார். அவர் பிறந்தநாளுக்கு அதனைச் செம்மை செய்து கொடுக்கவேண்டும் என்பது நண்பரின் வேண்டுகோள்.

நானும் என் கைவரிசை அனைத்தையும் காட்டினேன். இரைச்சலைக் குறைத்தேன். நாடாவின் 'இனிமையை' மேலும் கூட்டுவதாக எண்ணி, நாடாவைப் போலியும் கணினிக் கருவியொன்றைக் கலவை முழுவதன்மீதும் தாராளமாகப் பிரயோகித்தேன். உரப்பையும் இக்காலத்துப் பாட்டுகளுக்கு நிகராக உயர்த்தினேன். கூடத்திற் கேட்டோர் யாவரும் வியந்தனர்.

பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் நெடுநேரம் பேசவில்லை. பின் மெல்ல, "தம்பி, வலந்தலை நல்லாய்க் கேக்குது. என்ரை தொப்பி எங்கை?" என்றார். நான் விளங்காது விழிக்கவே, மடியிற் கையை வைத்துத் தட்டிக் காட்டினார். கழியால் ஓங்கி அடிக்கும் அடியும், அடக்கி அடிக்கும் அடியும், அடிக்காமல் விடும் இடமும் என மூன்று உண்டாம். என் வேலையில் முதலிரண்டும் ஒன்றாகிவிட்டன. "அண்டைக்கு நான் அடிச்சது கணக்கு, இதிலை சத்தந்தான் கிடக்கு, ஐயா" என்று அவர் முடித்தபோது, தம்பி என்ற சொல் ஐயாவாக மாறியதை உணர்ந்து நாணினேன்.

வீட்டுக்கு வந்து காரணத்தை ஆராய்ந்தேன். முதலாவது, அக்கசெற் பதியப்பட்ட அன்றே நிரம்பியிருந்தது. நிரம்பிய பாத்தியில் மீண்டும் நீர் விட்டவன் நான். இரண்டாவது, கலவையில் மிகப் பெரிய வீச்சம் தொப்பியின் வல்லடிக்கே உரியது. ஆதலால் முழுக் கலவையையும் நிரம்பச் செய்தபோது முதலில் மழுங்கியது அதுவே. மூன்றாவது, அவ்வடி விழும்போதெல்லாம் நாதசுரமும் அதனோடு சேர்ந்து கரகரத்தது. முன்னர்க் கூறிய கூட்டல் கழித்தல் அங்கு நிகழ்ந்திருந்தது. நான்காவது, மாற்றத்தின் முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து நான் கேட்கவில்லை. உரத்ததையே சிறந்ததெனக் கருதுவது செவியின் பலவீனம்.

மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்தேன். நாடாவை வாசிக்கும் தலையின் சாய்வைத் திருத்தியபோதே, இழந்ததென நான் எண்ணியிருந்த தெளிவிற் பெரும்பகுதி திரும்பிவந்தது. முழுக் கலவைக்கும் நிரம்பலை இடவில்லை. தாழ்ந்த மீடிறன்களை மட்டும் வேறாகப் பிரித்து, அதன் படியொன்றில் இசையங்களைப் பிறப்பித்து, அப்படியை மூலத்தோடு மிகக் குறைவாகக் கலந்தேன். மூலத் தொப்பியின் ஏற்றத்தாழ்வு அப்படியே நின்றது. கைத்தொலைபேசியிலும் அது கேட்டது. உரப்பை உயர்த்தவேயில்லை. பெரியவர் இம்முறை கேட்டுக்கொண்டிருக்கையிலேயே அவர் இடக்கை மடியில் அசையத் தொடங்கியது. ஓரிடத்திற் சிரித்தார். "அந்த இடத்திலை பிழை விட்டனான், அதுவும் கேக்குது" என்றார். அதனினும் சிறந்த நற்சான்றிதழை நான் இதுவரை பெற்றதில்லை.

உரப்பைக் குறித்தும் ஒரு சொல் கூறவேண்டும். பிறர் பதிவினும் தம் பதிவு உரத்திருக்க வேண்டுமென்ற போட்டி பல ஆண்டுகளாக இசையைக் கெடுத்தது. 2006இல் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உரப்பை அளக்கும் பொது முறையொன்றை வகுத்தது. அதனைத் தழுவி, இன்று இசையை வழங்கும் சேவைகள் பல, உரத்த பதிவுகளைத் தாமே தாழ்த்தி ஒலிபரப்புகின்றன. அடித்து நசுக்கிப் பெற்ற உரப்பு அங்கு பறிக்கப்பட, நசுங்கல் மட்டும் எஞ்சும். ஆகவே போட்டிக்குரிய காரணமும் இன்று பெரும்பாலும் இல்லை.

மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும்

இத்துறையில் ஈடுபட விரும்பும் இளையோர்க்குச் சில கூறுவேன். நிரம்பலைச் சேர்க்குமுன், பதிவில் ஏற்கெனவே எவ்வளவு உள்ளதெனக் கேளுங்கள். சேர்த்தபின் இரண்டையும் சம உரப்பில் வைத்து ஒப்பிடுங்கள். மூலத்தையும் செம்மை செய்ததையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எஞ்சுவதைத் தனியே கேளுங்கள். எஞ்சியதில் இராகத்துக்குப் புறம்பான ஓசை கேட்டால், அளவு மிஞ்சிவிட்டதென அறிக. செவிக்குத் 'தெரியும்' வரை கூட்டி, பின் தெரியாத அளவுக்குக் குறைத்து, அங்கு நில்லுங்கள். நீக்கும்போது மட்டுமே அதன் இன்மை புலப்படுமாயின் அதுவே தக்க அளவு.

பழைய மாணவர்க்கு என் வேண்டுகோள் வேறு. நம் வீட்டுப் பரண்களிலும், கடல் கடந்த நாடுகளிலுள்ள உறவினர் இல்லங்களிலும், திருவிழாக் கச்சேரிகளும் நாடகங்களும் கல்லூரி விழாக்களும் பதிந்த நாடாக்கள் இன்றும் சில கிடக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏடுகளின் அருமையை அறிந்தோம். ஒலியும் ஏடே. நாடாவோ நெருப்பின்றியே அழியும்; பூச்சு உதிர்ந்து, பூஞ்சணம் பிடித்து, ஆண்டுதோறும் சிறிது சிறிதாய் மறைகிறது. அவற்றைச் செம்மை செய்வதற்குமுன், யாதொன்றும் சேர்க்காத தூய படியொன்றைச் செக்கனுக்கு 96,000 மாதிரிகளும் 24 இலக்க நுட்பமும் கொண்டதாக எடுத்து, இரண்டு இடங்களிற் சேமித்துவையுங்கள். எங்கே, எப்போது, யார் வாசித்தது என்பதை அதனோடு எழுதிவையுங்கள். அத்தூய படி இருக்கும்வரை என் போன்றோர் செய்யும் பிழை திருத்தத்தக்கதே. அது இல்லையேல், எம் பிழையே வரலாறாகிவிடும்.

ஆசிரியர் அன்று கரும்பலகையிற் காட்டியது உண்மை. ஆயின் உண்மையின் பாதி. கருவி தன் அளவுக்கு மேல் உழைத்தால் உண்டாவது குற்றம். கருவியின் எல்லையை அறிந்து, அதன் அருகே நின்று பெறுவது குணம். அவ்வெல்லையைக் காட்டக் கணிதம் உண்டு, அளவுகருவி உண்டு. ஆயின் தொப்பி எங்கே என்று கேட்க ஒரு செவி வேண்டும். விஞ்ஞானக் கூடத்தில் இசைக்கவையைத் தட்டிக் காட்டிய கையும், வெள்ளிதோறும் தேவாரம் பாடவைத்த நாவும் ஒருங்கே நமக்குத் தந்தது அச்செவியையே. அதனை எமக்களித்த கல்லூரி அன்னை பல யூபிலிகள் கண்டு நீடு வாழ்க!